பிரான்சில் எங்கே, எந்த நேரத்தில் சாப்பிடுவது?

2010 நவம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பிரெஞ்சு விருந்து உணவைச் சேர்த்தபோது, பிரெஞ்சுப் பதார்த்தங்களுக்குக் கிடைத்த பட்டமாகவே அது பரவலாகப் பேசப்பட்டது. அந்தப் பதிவில் பதார்த்தம் எதுவும் பரிசு பெறவில்லை. பிறப்பு, திருமணம், பிறந்தநாள் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக உறவினரும் நண்பரும் ஒன்றாக அமர்வது, மேசையை முறையாக அடுக்குவது, உணவுக்கேற்ற ஒயினைத் தேர்வது, பசியைத் தூண்டும் பானத்தில் தொடங்கி முன்னுணவு, காய்கறியோடு மீன் அல்லது இறைச்சி, சீஸ், இனிப்பு என்ற வரிசையில் உண்டு முடிப்பது ஆகிய நடைமுறையே அங்கு மரபு எனப் பதிவாகியுள்ளது. பிரான்சுக்குப் பயணம் போகிறவர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, வெங்காய சூப், நத்தை, ஒயினில் வெந்த மாட்டிறைச்சி என்று ஒரு பதார்த்தப் பட்டியலோடு போகிறார். அந்தப் பட்டியலிலுள்ள எல்லாவற்றையும் ஒரே அட்டையில் படத்தோடு அச்சிட்டு வாசலில் வைத்திருக்கும் சுற்றுலாத்தெரு உணவகத்தில் அமர்ந்து, சுமாரான உணவுக்கு அதிக விலை கொடுத்து எழுந்துவருகிறார். அங்கே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியவை உணவகத்தின் வகையும் வேளையும்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம். அவ்விரண்டும் சரியாக அமைந்தால் எதைச் சாப்பிடுவது என்ற கேள்வியைப் பெரும்பாலும் சமையலறையே தீர்த்துவிடும்.

பயணிகளிடம் இருக்கும் அந்தப் பட்டியலே அவ்வளவு பழையதல்ல. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, வழியில் தங்குகிறவர் சத்திரத்தில் பொது மேசையில் குறித்த நேரத்துக்கு அமர்ந்து, வைத்ததைச் சாப்பிட வேண்டியிருந்தது. தனி மேசை, விலையெழுதிய அட்டை, விருப்பப்படி தேர்வு ஆகியவை கொண்ட உணவகம் பாரிசில்தான் உருவானது. 1782இல் அந்துவான் போவிலியே அங்கு தொடங்கிய உணவகம் அந்த வகையின் தொடக்க கால அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆயினும் அந்த உணவகங்கள் மேட்டுக்குடிச் சமையலையே பரிமாறின. கிராமத்து மண்சட்டிப் பதார்த்தங்கள் ஊர் எல்லையைத் தாண்டி மதிப்புப் பெற்றதற்கு மோட்டார் கார் ஒரு பெரிய காரணம். டயர் செய்யும் மிஷ்லன் நிறுவனம் கார் ஓட்டிகளுக்கான வழிகாட்டியை 1900இல் வெளியிட்டது. நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரமிடும் வழக்கம் 1926இலும், மூன்று படி நட்சத்திர முறை 1931இலும் வந்தன. அதே ஆண்டுகளில் கியூர்னோன்ஸ்கி என்ற புனைபெயரில் எழுதிய உணவு எழுத்தாளர், தம் நண்பர் மார்செல் ரூஃபுடன் வட்டாரம் வட்டாரமாகச் சென்று, எந்த ஊரில் எதைச் சாப்பிட வேண்டும் என்று எழுதிக் குவித்தார். இன்று 'பிராந்திய மரபு' என்று நாம் தேடிப் போவதில் கணிசமான பகுதி அந்தக் கார்ப் பயணிகளுக்காகத் தொகுத்து மெருகூட்டப்பட்டது. அந்தத் தொகுப்பு இன்னும் முடிந்துவிடவில்லை. சவோய் மலைப்பகுதியின் தொன்மையான உணவாகப் பனிச்சறுக்கு ஊர்களில் விற்கப்படும் தார்திஃப்ளெத் என்ற உருளைக்கிழங்குப் பதார்த்தம், அங்கிருந்த பழைய வறுவல் ஒன்றைத் தழுவி 1980களில் ரெப்லோஷோன் சீஸ் உற்பத்தியாளர்கள் விற்பனைக்காகப் பரப்பியது. சுவைக்கு அதனால் குறைவில்லை. 'பாட்டி காலத்துச் சமையல்' என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிக்கலாம்.

உணவகத்தின் வகையே உணவைத் தீர்மானிக்கிறது என்பதை லியோன் நகரத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. அங்குள்ள 'புஷோன்' என்ற சிறிய உணவகங்களில் கட்டம் போட்ட துணி விரித்த மேசைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும். ஒயின் அடி தடித்த 46 சென்டிலிட்டர் புட்டியில் வரும். அட்டையில் பாதிக்குமேல் குடல், ஈரல், தலைக்கறி, பன்றிப் பதார்த்தங்களாக இருக்கும். இதற்குப் பின்னால் ஒரு வேலையின் வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் லியோன் ஐரோப்பாவின் பட்டு நெசவுத் தலைநகரம். குருவா ரூஸ் மேட்டில் வாழ்ந்த நெசவாளர்கள் விடியலுக்கு முன் தறியில் அமர்ந்து, காலை நடுவில் ஒயினோடு கனமாக ஒருவேளை உண்டார்கள். கூலிக்காக 1831இலும் 1834இலும் கிளர்ச்சி செய்து இராணுவத்தால் அடக்கப்பட்ட அதே மக்கள்தான் இவர்கள். நல்ல துண்டுகளைச் செல்வர் வீடுகள் வாங்கிப் போன பிறகு கசாப்புக் கடையில் மிஞ்சிய உறுப்பிறைச்சி இவர்களுடைய விலைக்கு எட்டியது. மாட்டு இரைப்பையை வேகவைத்து, ஒயினில் ஊறவைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கும் 'தப்ளியே த சப்பர்' இன்றும் புஷோன்களில் கிடைக்கிறது. பெயரில் நெசவாளியின் மூளையைத் தாங்கியிருக்கும் 'செர்வெல் த கனூ' என்பதோ, பூண்டும் பசுந்தழையும் கலந்து கடைந்த புதுச் சீஸ்தான். இறைச்சி உண்ணாதவரும் தயங்காமல் கேட்கலாம்.

இந்த ஏழைச் சமையலை நகரத்தின் பெருமையாக உயர்த்தியவர்கள் பெண்கள். செல்வர் வீடுகளில் சமைத்துவந்த பெண்கள் வெளியே வந்து சொந்தமாகச் சிறு உணவகங்களைத் தொடங்கினார்கள்; ஊர் அவர்களை 'மேர்', அதாவது அம்மா, என்று அழைத்தது. அவர்களில் புகழ்பெற்றவரான எழேனி பிராசியே 1921இல் லியோனில் கடை திறந்தார். 1933இல் நகரத்திலிருந்த உணவகத்துக்கும் மலைமேலிருந்த உணவகத்துக்குமாக இரண்டு இடங்களில் மும்மூன்று மிஷ்லன் நட்சத்திரங்களைப் பெற்றிருந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சமையற்கலைஞர் போல் போக்கூஸ் இவரிடம் வேலை கற்றவர். அந்த அம்மாக்களின் சமையலில் ஆடம்பரமான பொருள்களும் இருந்தன. ஆனால் அட்டையில் உணவுகள் குறைவாகவே இருந்தன, நாளுக்கு நாள் மாறவும் இல்லை. பைக் என்னும் ஆற்றுமீன் நல்ல சுவையுடையது, நுண்ணிய முள் நிறைந்தது; அதன் சதையை மசித்துச் சலித்து, மாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்து உருட்டி வேகவைத்து, நன்னீர்க் கூனிச் சாற்றை ஊற்றித் தரும் 'கெனெல்' முள்ளுக்குத் தீர்வாகப் பிறந்த பதார்த்தம் என்றே சொல்லலாம். நன்றாகச் செய்தால் அடுப்பில் பஞ்சுபோல் உப்பி வரும். தொழிற்சாலையில் செய்து வாங்கியது ரப்பரைப்போல் இருக்கும். லியோனில் ஒரே ஒரு பதார்த்தம்தான் சாப்பிட முடியும் என்றால் இதையே நான் சொல்வேன்.

பெயர்ப்பலகையில் புஷோன் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பதால் பழைய லியோன் பகுதியின் நெரிசலான தெருக்களில் போலிகள் ஏராளம். இதைத் தடுக்க 1997இல் ஒரு சங்கம் உருவாகி, பொம்மலாட்டப் பாத்திரமான நஃப்ரோன் ஒயின் கோப்பை ஏந்தியிருக்கும் பலகையை உண்மையான கடைகளுக்கு வழங்கியது. பின்னர் 2012இல் வணிகச் சபையும் சுற்றுலா அலுவலகமும் வேறொரு முத்திரையைக் கொண்டுவந்தன. முத்திரை இல்லாத நல்ல கடைகளும் உண்டு. உணவு வகைகள் குறைவாகவும், வார இறுதியில் கதவு மூடியும் இருக்கும் கடையை நம்புவது பெரும்பாலும் தவறாகாது.

பாரிஸ் இதற்கு வேறொரு வகையில் சான்று. தலைநகருக்கென்று சொந்தப் பதார்த்தங்கள் குறைவு. வந்தேறியவர்கள் கொண்டுவந்தவைதாம் அதன் உணவகங்கள். பீர் வார்த்துத் தரும் 'பிராஸ்ஸரி' அல்சாஸ் பகுதியினரிடமிருந்து வந்தது. கோல்மாரைச் சேர்ந்த ஃபிரெதெரிக் போஃபாஞ்சே 1864இல் பாஸ்தீய் அருகே ஒன்றைத் தொடங்கினார். 1871இல் அல்சாசை ஜெர்மனி எடுத்துக்கொண்டபின் அங்கிருந்து பலர் பாரிசுக்குக் குடிபெயர்ந்தார்கள். புளித்த முட்டைக்கோசின் மேல் பன்றி இறைச்சியும் தொத்திறைச்சியும் அடுக்கிய ஷூக்ரூட் இன்றும் பிராஸ்ஸரி அட்டைகளில் இருப்பது இதனால்தான். 1880இல் லியோனார் லிப் என்ற அல்சாஸ்காரர் தொடங்கிய பிராஸ்ஸரி லிப், 1920இல் அவேரோன் மலைப்பகுதியிலிருந்து வந்த மார்செலாங் காஸ் கைக்கு மாறியது. தண்ணீர் சுமந்தும் கரி விற்றும் பிழைக்க வந்த அந்த மத்திய மலைநாட்டு மக்கள், கரிக்கடையிலேயே ஒயினும் விற்று, மெல்ல மெல்லப் பாரிசின் காபிக் கடைகளில் பெரும்பகுதியைத் தமதாக்கிக்கொண்டார்கள். பிரெத்தாஞ் பகுதியிலிருந்து வரும் ரயில்கள் மோன்பர்னாஸ் நிலையத்தில் நின்றதால், அதை ஒட்டிய தெருக்களில் இன்றும் கோதுமையற்ற கறுப்புமாவில் தோசைபோல் வார்க்கும் கலெத் கடைகள் வரிசையாக உள்ளன. உள்ளே பன்றி இறைச்சி, முட்டை, சீஸ் மூன்றும் வைத்து மடித்தது அங்கே வழக்கமான வகை, கூடவே ஆப்பிள் மது கிண்ணத்தில் வரும்.

இந்த வரிசையின் அண்மைக் கண்ணி தமிழருடையது. 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பிப் பாரிசுக்கு வந்த தமிழர்களில் மிகப் பலர், மொழி தெரியாத நிலையில், உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவும் வேலையில் தொடங்கி, உதவியாளராகவும் சமையல்காரராகவும் உயர்ந்தார்கள். பயணி பாரிசில் உண்ணும் ஒயினில் வெந்த மாட்டிறைச்சியைக் கிண்டியது யாழ்ப்பாணத்துக் கையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 2023இல் பாரிஸ் நகரத்தின் சிறந்த பகெத் ரொட்டிக்கான போட்டியில் முதல் பரிசு பெற்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. அந்தப் பரிசோடு ஓராண்டுக்குக் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ரொட்டி அனுப்பும் உரிமையும் வந்தது. லா ஷப்பேல் பகுதியில் இடியாப்பமும் கொத்து ரொட்டியும் தேடிப் போகிற தமிழ்ப் பயணிகள், அதே சமூகம் நகரத்தின் மறுகோடியில் பிரெஞ்சுச் சமையலையும் நடத்துகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்குப் பாரிசில் 'புயோன்' என்ற வகை உண்டு. 1850களில் துய்வால் என்ற கசாப்புக்காரர், மத்தியச் சந்தையின் தொழிலாளருக்குச் சூடான சாறும் வெந்த இறைச்சியும் குறைந்த விலையில் தரத் தொடங்கியதில் பிறந்தது இது. 1896இல் தொடங்கிய புயோன் ஷார்த்தியே இன்றும் நடக்கிறது. பணியாளர் நாம் கேட்டதை மேசைமேல் விரித்த காகிதத்திலேயே எழுதி, அங்கேயே கூட்டிக் கணக்குச் சொல்கிறார். மயோனீஸ் ஊற்றிய அவித்த முட்டை, வினிகரில் ஊறிய லீக் தண்டு போன்ற எளிய பதார்த்தங்களை உண்ண இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சமையல் அபாரம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த விலைக்கு நேர்மையானது. வெங்காய சூப்பும் அதே சந்தையின் பிள்ளைதான்: இரவெல்லாம் மூட்டை சுமந்தவர்கள் விடியலில் குடித்தது. சந்தை 1969இல் நகருக்கு வெளியே ரன்ஜிஸுக்குப் போய்விட்டது, சூப் மட்டும் சுற்றுலா அட்டைகளில் தங்கிவிட்டது.

வேளைக்கு வருவோம். பிரான்சில் பெரும்பாலான உணவகங்கள் பகல் 12 மணியிலிருந்து 2 மணிவரையும், மாலை ஏழு அல்லது ஏழரையிலிருந்து பத்து மணிவரையுமே அடுப்பேற்றும். இரண்டரை மணிக்குப் பசியோடு கதவைத் தட்டுகிறவருக்குச் சமையலறை மூடிவிட்டது என்ற பதிலே கிடைக்கும். இடைப்பட்ட நேரத்தில் சாப்பாடு தருவது பெரும்பாலும் பிராஸ்ஸரிகள்தாம். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகளுக்கு விடுமுறை, ஆகஸ்டில் சில வாரங்களும் அப்படியே. இந்தக் கண்டிப்பு பயணிக்கு எரிச்சலூட்டலாம், ஆனால் இதே கண்டிப்புதான் பகலுணவை மலிவாக்குகிறது. வேலை செய்யும் இடத்திலேயே அமர்ந்து உண்பதைப் பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம் விலக்குகிறது. பட்டறைத் தூசும் நச்சும் உணவில் கலப்பதைத் தடுக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த அந்த விதி, கொரோனாக் காலத்தில் 2021இல் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டபோதுதான் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியவந்தது. 1967இல் வந்த உணவுச்சீட்டு முறையில் முதலாளி சீட்டின் மதிப்பில் 50 முதல் 60 விழுக்காட்டை ஏற்கிறார். இவ்விரண்டும் சேர்ந்து, நண்பகலில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கூட்டம் உணவகங்களுக்கு வந்து, சாப்பிட்டு, போய்விடும் வழக்கத்தைத் தாங்கி நிற்கின்றன.

அந்தக் கூட்டத்துக்காக, காலையிலேயே பெரிய பாத்திரத்தில் வெந்துவிடும் ஒரு பதார்த்தம் 'அன்றைய தட்டு' என்று கரும்பலகையில் எழுதப்படும். ஒயினில் வெந்த மாட்டிறைச்சி, வெள்ளைச் சாற்றில் வெந்த கன்று இறைச்சி, காய்களோடு அவித்த கறி ஆகிய பழைய பதார்த்தங்கள் எல்லாமே மணிக்கணக்கில் மெதுவாக வேகிறவை; அன்றைய தட்டுக்கு அவையே மிகப் பொருத்தம். வெள்ளிக்கிழமைகளில், கத்தோலிக்க வழக்கத்தின் மிச்சமாக, பல இடங்களில் மீன் வரும். முன்னுணவும் தட்டும், அல்லது தட்டும் இனிப்பும் சேர்ந்த பகல் விலை சிறு நகரங்களிலும் பாரிசின் சாதாரணத் தெருக்களிலும் 20 யூரோவை ஒட்டி இருக்கும். அதே சமையலறை இரவில் அதே தரத்துக்குக் கணிசமாக அதிகம் வாங்கும். எனவே பயணத்தின் பெரிய வேளையைப் பகலில் வைத்துக்கொள்வது சிக்கனமும் ஆகும், மரபைச் சரியாக உண்பதும் ஆகும். இன்னொரு வசதியும் இதில் உண்டு. மாட்டுத்துண்டை நெருப்பில் வாட்டித் தரச்சொன்னால், அங்கே நடுத்தரம் என்று கேட்பதுகூட உள்ளே சிவப்பாகத்தான் வரும்; நன்றாக வெந்ததையே விரும்புகிறவருக்கு மெதுவாக வெந்த பதார்த்தங்களே ஏற்றவை.

விலையில் மறைந்திருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1987இலிருந்து அட்டையில் எழுதிய விலையில் பணியாளர் கட்டணம் அடங்கியே இருக்க வேண்டும். மேற்கொண்டு சில்லறை வைப்பது விருப்பம்தான். உணவோடு வரும் ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் தனிக் காசு கிடையாது; தண்ணீர் இலவசமாகக் கேட்கலாம் என்ற அறிவிப்பை உணவகமே காட்ட வேண்டும் என்பது 2022 தொடக்கத்திலிருந்து சட்டம். வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் விலையுள்ள புட்டி வரக்கூடும், 'கராஃப் தோ' என்று கேட்க வேண்டும். கணக்கைக் கேட்கும்வரை யாரும் கொண்டுவர மாட்டார்கள்; அவசரப்படுத்துவது அநாகரிகம் என்பதே காரணம், அலட்சியம் இல்லை.

இதையெல்லாம்விடச் சிக்கலானது, தட்டிலிருப்பது அங்கேயே சமைத்ததா என்ற கேள்வி. ஆயத்தமாகச் சமைத்து உறையவைத்த பொட்டலங்களைச் சூடாக்கித் தரும் வழக்கம் பரவியதால், 2014இல் 'வீட்டுச் சமையல்' என்ற முத்திரையைச் சட்டம் கொண்டுவந்தது. கூரை வைத்த பாத்திரம்போன்ற படம் அதன் அடையாளம். மூலப்பொருளிலிருந்து அந்த இடத்திலேயே சமைத்திருக்க வேண்டும் என்பது விதி. உறையவைத்த பச்சைக் காயையும் பச்சை இறைச்சியையும் பயன்படுத்த அது இடம் கொடுப்பதால், சமையல்காரர்கள் பலர் அதைக் கேலி செய்தார்கள்; என் பார்வையில் கேலி நியாயமானதே. பிரான்சின் சின்னங்களாகப் பயணிகள் கேட்கும் சில பொருள்கள் அந்நாட்டிலிருந்தே வருவதில்லை. பூர்கோஞ் நத்தையின் பெரும்பகுதி கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாகிறது. காட்டுத் தவளைகளை வணிகத்துக்காகப் பிடிப்பதைப் பிரான்ஸ் 1980இல் தடைசெய்தபின் தவளைக்கால் பெரும்பாலும் வெளிநாட்டையே நம்பியது. ஒரு காலத்தில் இந்தியா பெருமளவில் அனுப்பியது, வயல்களில் பூச்சி பெருகுவதைக் கண்டு 1987இல் நிறுத்தியது. இப்போது இந்தோனேசியா அனுப்புகிறது.

ஊரை விட்டு நகராத பதார்த்தங்களும் சில உண்டு. வெள்ளை பீன்ஸை வாத்து, பன்றி, தொத்திறைச்சியோடு மண்சட்டியில் மணிக்கணக்கில் அடுப்பில் வைக்கும் கஸ்ஸூலேயை காஸ்தெல்னோதாரி, கார்க்கசோன், துலூஸ் மூன்றும் தமதென்கின்றன. மூன்றையும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று வருணித்துப் பஞ்சாயத்தை முடிக்கப் பார்த்தார் சமையற்கலைஞர் புரோஸ்பேர் மோந்தாஞே. மார்செயின் பூயபேஸ், விற்காமல் மிஞ்சிய பாறைமீன்களைக் கொண்டு மீனவர்கள் வைத்த குழம்பு. இன்று அது எதிர்த்திசையில் போய்விட்டது: 1980இல் சில உணவகங்கள் எழுதிக்கொண்ட உடன்படிக்கையின்படி குறிப்பிட்ட மீன் வகைகளில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும், சாற்றையும் மீனையும் தனித்தனியே பரிமாற வேண்டும்; முன்னரே சொல்லிவைக்க வேண்டும், ஒருவருக்கு 50 யூரோவைத் தாண்டும். துறைமுகத்தில் அதைப் பாதிவிலைக்குத் தருவதாக எழுதியிருந்தால் அது வேறொரு மீன் சூப்.

மாடோ பன்றியோ உண்ணாதவர்களும் மரக்கறி உண்பவர்களும் கேள்வி கேட்கத் தயங்கக் கூடாது. பச்சைக் காய்க்கலவை என்று நம்பிக் கேட்பதில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் கிடக்கும். லொரேன் முட்டைப் பணியாரத்திலும் அவை இருக்கும். வெங்காய சூப்பின் அடித்தளம் பல இடங்களில் மாட்டிறைச்சிச் சாறு. தென்மேற்கில் உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வறுபடும். ஒவ்வாமை தரும் 14 பொருள்களை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதி இதற்கு உதவாது, இறைச்சி அந்தப் பட்டியலில் இல்லை. மாட்டிறைச்சி, பன்றி, கோழி, ஆடு ஆகியவை எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று காட்டுவது மட்டும் கட்டாயம். பாலும் பூண்டும் சேர்த்து அடுப்பில் வைக்கும் தோஃபினே உருளைக்கிழங்கு, ஓப்ராக் மேட்டுநிலத்தில் மசித்த உருளைக்கிழங்கோடு புதுச் சீஸைச் சேர்த்து நூலாக இழுபடும்வரை கிளறும் அலிகோ, புரோவான்சின் காய்கறிக் கூட்டான ரத்தத்தூய், காளானும் சீஸும் வைத்த கலெத் ஆகியவை மரக்கறியாளருக்குக் கிடைக்கும் நல்ல மரபு உணவுகள். பழைய வகைச் சீஸ் பெரும்பாலும் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைக்கப்படுவது என்பதைக் கண்டிப்பாக இருப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நீஸ் நகரத்தின் சொக்காவில் அந்தச் சிக்கலும் இல்லை. கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய் நான்கையும் கரைத்து, அகன்ற செம்புத் தட்டில் விறகடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவி, நம் ஊர் அடையைப்போல் விளிம்பு கருக விள்ளித் தருவார்கள். பழைய நகரத்தின் சந்தையிலும் சந்துகளிலும் விற்கும் அதற்கு மேசை பதிவு செய்ய வேண்டாம், சமையலறை மூடும் நேரத்தையும் பார்க்க வேண்டாம்.